ஒரு படத்துக்கு உருப்படியான கருத்தை எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். புகைப்படம் எனக்குத் தொழில் இல்லை, ஆசை. பழைய கிராப் சென்சார் கேமரா (ஒளி பதியும் சென்சார் சற்றுச் சிறியது) ஒன்றும் 50 மிமீ லென்ஸ் ஒன்றும்தான் கையில் இருக்கின்றன. என்னைப் போன்ற சிலர் சேர்ந்து ஒரு சின்னக் குழுவாக இருக்கிறோம். வாரம் ஆளுக்கொரு படம் போட வேண்டும், மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. வருகிற கருத்துகள்தான் எதற்கும் உதவுவதில்லை.

இந்த வாரம் நான் போட்ட படத்தை இங்கேயும் இணைத்திருக்கிறேன். பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். படத்தின் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது, முகத்தின் மறுபாதி நிழலில் இருக்கிறது. அவருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. அதனால் தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தலையை லேசாகச் சாய்த்து, நல்ல கண்ணால் வரி வரியாகப் படிப்பார். ஒரு நாளும் விடமாட்டார். அந்தச் சாய்ந்த தலையும் பிடிவாதமும்தான் எனக்கு வேண்டியிருந்தன. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தேன். லென்ஸ் திறப்பு எஃப் 1.8, ஷட்டர் 1/60 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400.

வந்த கருத்துகள் இவைதான். சிலர் "அருமை", "பாட்டி சூப்பர்" என்றார்கள். ஒருவர், "ஃபோகஸ் போச்சு, ஜன்னல் வெளுத்துப் போச்சு, காம்போசிஷனே இல்லை, இதை எதுக்குப் போட்டீங்க?" என்று எழுதினார். இன்னொருவர், "பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு மாத்துங்க" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

கடுமையாக எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நேரம் ஒதுக்கிப் பார்த்திருக்கிறார். ஆனால் நாளைக்கு அதே ஜன்னலோரம் கேமராவோடு போய் நின்றால் நான் எதை மாற்ற வேண்டும்? பாராட்டியவர்களும் அதைச் சொல்லவில்லை, திட்டியவரும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், ஒரு சிறுவன் சைக்கிள் ஓட்டும் படத்தைப் போட்டிருக்கிறார். படம் முழுக்க மங்கல். பையன் ஃபிரேமின் வலது ஓரத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறான், எதிரே ஒரு அங்குலம் இடமில்லை. தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பம் முளைத்தாற்போல் நிற்கிறது. ஆனால் அவன் முகத்தில் இருக்கும் சந்தோஷம் அப்படி ஒரு சந்தோஷம்! "அருமை" என்று போட்டுவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. மூன்று குறைகளையும் அடுக்கி எழுதவும் தயக்கமாக இருக்கிறது. அவருக்கு இது முதல் படம். நான் என்ன எழுதட்டும்?

முதல் பதில்

எழுதுவதற்கு முன்னால் அவரிடமே கேட்டுவிடுங்கள். "உங்கள் படத்தைப் பற்றி விரிவாகப் பேசலாமா, அல்லது பகிர்ந்துகொள்ள மட்டும்தான் போட்டீர்களா?" இந்த ஒரு வரி போதும். எல்லோரும் கற்றுக்கொள்வதற்காகவே படம் போடுவதில்லை. பையன் சைக்கிள் ஓட்டிவிட்ட சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ளத்தான் போட்டிருக்கிறார் என்றால், அங்கே போய்க் கம்பத்தைப் பற்றிப் பேசுவது வேண்டாத வேலை. பேசலாம் என்று அவர் சொன்னால் தயங்காமல் பேசுங்கள்.

இரண்டாம் பதில்

கூட்டாக உட்கார்ந்து படங்களைப் பார்த்துப் பேசும் ஒரு வட்டத்தில் நான் பல காலமாக இருக்கிறேன். எடுப்பதைவிடப் பார்த்துப் பேசுவதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். பொதுவாகப் பேசுவதைவிட உங்கள் பாட்டி படத்தையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

படத்தைத் திறந்ததும் என் கண் முதலில் போனது இடது ஓரத்து ஜன்னலுக்கு. அங்கிருந்து செய்தித்தாளின் மேல் விளிம்புக்கு. அதற்குப் பிறகுதான் முகத்துக்கு வந்தது. இதில் நல்லது கெட்டது எதுவும் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். கருத்துச் சொல்பவர் உங்களுக்குத் தரக்கூடியவற்றில் இதுதான் விலைமதிப்பானது என்று நினைக்கிறேன். உங்கள் படத்தை உங்களால் முதல் தடவையாகப் பார்க்க முடியாது. அறைக்குள் நீங்கள் இருந்தீர்கள், பாட்டி தாளைத் திருப்பும் சத்தம் உங்களுக்குக் கேட்டது. எனக்கு இந்தச் செவ்வகம் மட்டும்தான் தெரியும்.

அடுத்து, "ஃபோகஸ் போச்சு." சரி, எங்கே போச்சு? படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளின் மேல் வரியில் இருக்கும் எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன. கண் மங்கலாக இருக்கிறது. கேமரா ஆடியிருந்தால் எழுத்துகளும் சேர்ந்து இழுபட்டிருக்கும். ஆக 1/60 நொடியால் வந்த வினை இல்லை இது. 50 மிமீ லென்ஸில், கிராப் சென்சாரில், ஒன்றரை மீட்டர் தூரத்தில், எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 6 சென்டிமீட்டர் சுமார். பாட்டி தாளை எவ்வளவு பக்கத்தில் பிடித்தாலும் தாளுக்கும் கண்ணுக்கும் நடுவே அதைவிட அதிக இடைவெளி இருக்கும். ஆட்டோ ஃபோகஸுக்குப் பளிச்சென்ற மாறுபாடுதான் பிடிக்கும். வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து இருந்தால் அங்கேதான் ஓடும். எனவே அடுத்த முறை ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, பாட்டி படிக்கும் அந்தக் கண்ணின் மேல் வையுங்கள். திறப்பைக் குறுக்கி எஃப் 4க்குப் போனால் ஆழம் 14 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடும், முகம் முழுவதும் வந்துவிடும். தாள் கொஞ்சம் மங்கும், மங்கட்டும். வெளிச்சம் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) குறைவதால் ஐஎஸ்ஓவை 2000 வரை ஏற்ற வேண்டியிருக்கும். இரைச்சல், அதாவது மணல் தூவியதுபோன்ற புள்ளிகள், தெரியும். கண் மங்கலாக இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பாருங்கள், அவர் சொன்னதும் நான் சொல்வதும் ஒரே குறைதான். அவர் கவனித்தது சரி, பாதியில் நிறுத்திவிட்டார்.

ஜன்னல் வெளுத்தது உண்மை. அந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255ஐ, அதாவது உச்ச அளவை, தொட்டுவிட்டன. ஜேபெக்காக மட்டும் சேமித்திருந்தால் அங்கே மீட்க எதுவும் இல்லை. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு இருந்தால் ஓரளவு திரும்பி வரலாம். ஆனால் நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு: ஜன்னலுக்கு வெளியே இருப்பது தெரிய வேண்டுமா? பாட்டியின் பிடிவாதம்தான் படம் என்றால் வெளியே மரம் இருந்தால் என்ன, சுவர் இருந்தால் என்ன? எனக்கு உறுத்துவது அங்கே விவரம் இல்லாதது அல்ல, அது பிடித்துக்கொண்டிருக்கும் இடம். ஜன்னலில் பாதியைக் கிராப் செய்து, அதாவது வெட்டிவிட்டு, பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும், கண்ணும் முகத்துக்குச் சீக்கிரம் வந்து சேரும்.

கருப்பு வெள்ளை யோசனை சொன்னவரிடம் ஒரு காரணம் இருந்திருக்கலாம். பகல் வெளிச்சம் சுமாராக 5500 கெல்வின், வீட்டு பல்பு 2700 பக்கம்; இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். பாட்டியின் நிழல் பக்கத்துக் கன்னத்தில் மஞ்சள் அடிக்கிறது, உள்ளே விளக்கு எரிந்திருக்கிறது. ஒரே முகத்தில் நீலமும் மஞ்சளும் மோதும்போது நிறத்தை எடுத்துவிட்டால் அந்தச் சண்டை தீரும். அவர் இதைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு இரண்டு வழிகள் கிடைத்திருக்கும்: கருப்பு வெள்ளை ஆக்குவது, அல்லது அடுத்த முறை விளக்கை அணைத்துவிட்டு எடுப்பது. காரணம் இல்லாமல் சொன்னதால் வெறும் ரசனையாகப் போய்விட்டது.

"காம்போசிஷனே இல்லை" என்பதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு செவ்வகத்திலும் காம்போசிஷன், அதாவது எது எங்கே இருக்கிறது என்ற அமைப்பு, ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும். முக்கியமானதைப் படத்தின் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைக்கச் சொல்லும் விதியை மனதில் வைத்துத்தான் பலர் இப்படிச் சொல்கிறார்கள். அந்த விதி 1797இலேயே ஓவியத்துக்காக எழுதி வைக்கப்பட்டது, கேமரா வருவதற்கு முன்பே. உதவும்போது உதவும். உங்கள் படத்தில் சாய்ந்த தலைக்கும் தாளுக்கும் நடுவே இருக்கும் அந்த நெருக்கம்தான் காம்போசிஷன். அது நன்றாகவே இருக்கிறது. அந்த இடுக்கில் விழும் வெளிச்சம் தாளிலிருந்து திரும்பி அவர் முகவாயைத் தொடுகிறதே, அதைக் கவனித்தீர்களா? அடுத்த முறையும் அது கிடைக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். நன்றாக இருப்பதையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்பேன். "அருமை" என்பதால் பயனில்லாமல் போவது அதனால்தான். எது அருமை என்று தெரியாவிட்டால் அதைத் திரும்பவும் செய்ய முடியாது.

இப்போது சைக்கிள் பையன். மங்கல் என்று எழுதுவதற்கு முன் அது எந்த மங்கல் என்று பாருங்கள். படத்தில் உள்ள எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து பையன் மட்டும் கரைந்திருந்தால் அவன் வேகத்துக்கு ஷட்டர் வேகம் போதவில்லை, 1/500க்குப் போகச் சொல்லலாம். லென்ஸில் இருக்கும் அசைவுத் தடுப்பு இதற்கு உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், புதியவர்கள் பலர் அதை நம்பிக்கொண்டிருப்பார்கள். வேறு ஏதாவது ஒரு தூரத்தில் மட்டும் கூர்மை இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. பின்னணி பக்கவாட்டில் கோடு கோடாக ஓடி, பையன் ஓரளவு தெளிவாக இருந்தால், அவர் பேனிங் செய்ய, அதாவது ஓடுபவனோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுக்க, முயன்று கிட்டத்தட்ட எட்டிவிட்டார் என்று அர்த்தம். அங்கே "மங்கல்" என்று எழுதினால் அவருடைய உழைப்பையே நீங்கள் பார்க்கவில்லை என்றாகிவிடும்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர், படைப்புகளைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு முறையை 1990 வாக்கில் உருவாக்கினார். முதலில் பார்ப்பவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். அடுத்துப் படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். அதற்குப் பிறகு பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆனால் அந்தக் கேள்விக்குள் அபிப்பிராயம் ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் அனுமதி கேட்டுவிட்டு. நடனத்துக்காக வந்தது, படத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது படி. "ஏன் பையனை ஓரத்தில் தள்ளினீர்கள்?" என்பது கேள்வி வேடத்தில் வரும் குற்றச்சாட்டு. "அவனைச் சுற்றி எவ்வளவு இடம் விடுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்றால் அவர் யோசித்துப் பதில் சொல்வார். அந்தப் பதில் உங்கள் கருத்தையே மாற்றிவிடலாம்.

மூன்று குறைகளையும் அடுக்க வேண்டாம். ஒன்றைச் சொல்லுங்கள், அடுத்த முறை அவரால் செய்யக்கூடிய ஒன்றை.

மூன்றாம் பதில்

எல்லாம் சரி, கிராப் செய்யச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எடுக்கும்போதே ஃபிரேமில் சரியாக வைக்கப் பழக வேண்டும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் கிராப் செய்ய மாட்டார் என்று படித்திருக்கிறேன். கிராப் சொல்லிக் கொடுத்தால் புதியவர்களுக்குச் சோம்பல் வந்துவிடும்.

இரண்டாம் பதிலை எழுதியவர்

கார்த்தியே-பிரெஸ்ஸோன் கிராப்பை விரும்பாதவர் என்பது உண்மை. ஆனால் 1932இல் பாரிஸின் செயின்ட் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை எடுத்தாரே, அவருடைய படங்களிலேயே பெரும்புகழ் பெற்ற ஒன்று, அது கிராப் செய்யப்பட்டதுதான். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் வேலி விழுந்துவிட்டது, அதை வெட்டினார்.

எடுக்கும்போதே சரியாக வைக்கப் பழக வேண்டும் என்பதில் உங்களோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். அந்தப் பழக்கம் வருவதற்கே கிராப் உதவும் என்பதால்தான் சொல்கிறேன். எடுத்த படத்தை வெட்டி வெட்டிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு ஜன்னல் போதும் என்பது கண்ணுக்குப் பிடிபடும். அடுத்த முறை வியூஃபைண்டரில் அது தானாகத் தெரியும்.

நான்காம் பதில்

சொல்வதைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், வாங்கிக்கொள்வதைப் பற்றி நான் எழுதுகிறேன். பெரும்பாலும் நான் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன். மகள் பிறந்த பிறகு கேமராவைக் கையில் எடுத்தவள் நான். நான் எடுப்பதெல்லாம் வீட்டுக்குள், மங்கிய வெளிச்சத்தில், ஓரிடத்தில் நிற்காத ஒருத்தியை.

படத்தை வெறுமனே போட்டுவிட்டு நல்ல கருத்துக்காகக் காத்திருந்தால் வராது. பார்ப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. நான் படத்தோடு ஒரு கேள்வியையும் போட ஆரம்பித்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "அருமை" என்றுதான் வரும், கேள்வியே அந்தப் பதிலைத்தான் கேட்கிறது. "இவள் கையில் இருக்கும் பொம்மை உங்களுக்கு முதலில் தெரிகிறதா, முகமா?" என்று கேட்டேன். சுருக்கமாக எழுதுகிறவர்கள்கூட "பொம்மை, சிவப்பு கண்ணை இழுக்குது" என்று பதில் போட்டார்கள். இரண்டு மூன்று சொற்கள்தான், ஆனால் எனக்கு வேண்டிய சொற்கள். பாட்டி படத்துக்கு நீங்களும், "அவர் சிரமப்பட்டுப் படிக்கிறார் என்பது படத்திலேயே தெரிகிறதா, அல்லது நான் சொன்னால்தான் தெரியுமா?" என்று கேட்கலாம். எனக்குச் சொல்லாமலே தெரிந்தது, அந்தத் தலைச் சாய்வு அதைச் சொல்லிவிடுகிறது.

கருத்து வந்ததும் விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள். "வெளிச்சம் கம்மி", "அவள் நகர்ந்துட்டா", "அந்த லென்ஸ்தான் இருந்துச்சு". இதெல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் ஒரு விளக்கம் வந்ததுமே எதிரில் இருப்பவர் பேச்சைச் சுருக்கிக்கொள்வார். பொறுத்திருந்தால் இன்னும் இரண்டு பேர் பேசுவார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம், கேட்காத குறைக்குச் சமாதானம் வேண்டாம்.

வந்த யோசனைகளைப் பிரதியில் செய்து பாருங்கள். மறுக்க வேண்டுமானாலும் செய்து பார்த்துவிட்டு மறுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அன்றைக்கே முடிவு செய்யாமல் மறுநாள் பார்ப்பேன். அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற ஊரின் மேல் நிலா எழுவதை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பப் பிரிண்டுகளில் வானத்தில் மேகங்கள் தெரியும், பின்னால் வந்தவற்றில் வானம் ஏறக்குறைய முழுக்கக் கருப்பு. எடுத்தவரே இத்தனை காலம் மனதை மாற்றிக்கொண்டிருந்தார் என்றால் நாம் ஒரு நாள் தள்ளிப்போடுவதில் என்ன நஷ்டம்?

எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதும் இல்லை. 1936இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரோத்தியா லாங் எடுத்த அந்தத் தாயின் படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், கன்னத்தில் கை வைத்துத் தொலைவைப் பார்ப்பார், இரு பக்கமும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். அதன் கீழ் வலது மூலையில் கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்தது. லாங்குக்கு அது உறுத்தியது, பிற்பாடு நெகட்டிவிலேயே அதை மறைக்கச் செய்தார். லாங் அந்தப் படத்தை எடுத்த அரசு ஆவணப் புகைப்படத் திட்டத்தை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை, ஆவணத்தில் கைவைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். இருவருக்கும் படத்தின் மேல் அக்கறை இருந்தது, இருவரிடமும் காரணம் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் படம் யாருடையதோ அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தில் பலரோடு எனக்கு ஒத்துவராது. முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, முடிவில் இன்னொரு பாராட்டு என்று சுற்றிக் கொடுக்கச் சொல்வார்கள். எனக்கு அது வேண்டாம். அப்படியே பழகிவிட்டால் பாராட்டு வரும்போதே "ஆனால்" எங்கே என்று மனம் தேட ஆரம்பித்துவிடும், அந்தப் பாராட்டு காதிலேயே விழாது. நல்லது இருந்தால் நல்லது என்று தனியாகச் சொல்லுங்கள். குறையையும் நேராகச் சொல்லுங்கள், படத்தைப் பற்றிச் சொல்லுங்கள். "உங்களுக்கு வெளிச்சம் பார்க்கத் தெரியலை" என்பதும் "இந்தப் படத்தில் வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் முகம் இருட்டாகிவிட்டது" என்பதும் வேறு வேறு. இரண்டாவது என்னைக் காயப்படுத்தாது. எவ்வளவு கறாராகச் சொன்னாலும் சரி.

ஐந்தாம் பதில்

சின்னதாக ஒன்று. "இருட்டா இருக்கு", "ஷார்ப் இல்லை" என்று எழுதுவதற்கு முன் எதில் பார்க்கிறோம் என்று கவனியுங்கள். போன் திரை வெயிலில் தானாகவே வெளிச்சத்தை ஏற்றும், இரவில் இறக்கும். அதே படம் மதியம் ஒரு மாதிரி, படுக்கையில் இன்னொரு மாதிரி தெரியும். சந்தேகமாக இருந்தால் படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அது திரைக்குத் தகுந்தபடி மாறாது. அரட்டைச் செயலி வழியாகப் படமாக அனுப்பியதைப் பார்த்துக் கூர்மையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அனுப்பும்போதே படம் சுருங்கிவிடுகிறது. எக்ஸிஃப் விவரமும் (கேமரா கோப்போடு பதிந்து வைக்கும் அமைப்புகள்) பெரும்பாலும் போய்விடும். உங்கள் குழுவில் படத்தைக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், ஷட்டர், அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பாதி வாக்குவாதம் அதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ரா கோப்பு இருந்தது. ஜன்னலில் பாதியை வெட்டிப் பார்த்தேன். முழுவதையும் வெட்டியும் பார்த்தேன். முழுக்க வெட்டினால் பாட்டி எதற்காக அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார் என்பதே புரியாமல் போகிறது, பாதிதான் சரி. உள்ளே விளக்கு எரிந்தது உண்மை, அடுத்த முறை அணைத்துவிடுகிறேன். கருப்பு வெள்ளைக்கு மாற்ற மாட்டேன். தாளின் பழுப்பும் அவர் புடவையின் நீலமும் எனக்கு வேண்டும். அந்த யோசனையைச் சொன்னவரிடம் காரணம் கேட்டேன், நீங்கள் ஊகித்த அதே மஞ்சள்தான்.

சைக்கிள் படம் போட்டவரிடம் முதலில் பேசலாமா என்று கேட்டேன். "தாராளமா சொல்லுங்க, அதுக்குத்தான் போட்டேன்" என்றார். பிறகு இப்படி எழுதினேன்: "என் கண் முதலில் போனது பையனின் திறந்த வாய்க்கு, அதற்கப்புறம் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்த விரல்களுக்கு. பயமும் சந்தோஷமும் சேர்ந்தே தெரிகின்றன. அவனைச் சுற்றி எவ்வளவு இடம் விடுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?"

அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பின்னால் யாரும் பிடிக்காமல் அவன் ஓட்டிய முதல் தடவை அதுவாம். அதுவரை சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடியவர், கையை எடுத்ததும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, கழுத்தில் தொங்கிய கேமராவைத் தூக்கி எடுத்திருக்கிறார். "அவன் என்னை விட்டுட்டுப் போறான், அதனால ஓரத்துல இருந்தாதான் சரின்னு தோணுச்சு. எடுத்ததுல நடுவுல நிக்கிற படமும் இருக்கு, இதைத்தான் தேர்ந்தெடுத்தேன்" என்றார். அவரே தேடித் தேர்ந்தெடுத்த ஓரத்தை நான் குறை என்று எழுதவிருந்தேன். நல்லவேளையாக இங்கே வந்து கேட்டேன்.

பெரிதாக்கிப் பார்த்தால் பையனும் சரி, கம்பமும் சரி, மேலும் கீழுமாக இழுபட்டிருக்கின்றன. ஷட்டர் 1/80. இனி அவருக்கு நான் என்ன சொல்லலாம்? கம்பத்தைப் பற்றியும் சொல்லலாமா?

இரண்டாம் பதிலை எழுதியவர்

மேலும் கீழுமாக என்றால் அது அவர் ஓடிய ஓட்டம்தான், ஒவ்வொரு காலடிக்கும் கேமரா குதித்திருக்கிறது. 1/80 அதற்குப் போதாது. ஷட்டரை 1/500இல் நிறுத்தி, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடச் சொல்லுங்கள். பகல் வெளிச்சம் என்பதால் இரைச்சல் பெரிதாக வராது. பையன் வேகமெடுத்த பிறகு அவர் கூடவே ஓட வேண்டும் என்றும் இல்லை. கொஞ்சம் முன்னால் போய் நின்றுகொண்டு, அவன் தாண்டிப் போகும்போது எடுக்கலாம். அப்போதும் அவன் விட்டுப் போகிறான் என்பது படத்தில் இருக்கும்.

கம்பத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஓரம் அவர் வேண்டுமென்றே வைத்தது, கம்பம் தானாக வந்து நின்றது. பையன் விட்டுப் போகிறான் என்பதற்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை, தலையிலிருந்து கிளம்பும் ஒரு கோடாக நின்று முகத்தோடு போட்டி போடுகிறது. "தொடர் படமாக எடுத்தால் கம்பம் தலையைத் தாண்டிய ஃபிரேம் ஒன்று கிடைக்கும்" என்று எழுதுங்கள். வேறு படங்களும் இருக்கின்றன என்கிறாரே, அவற்றில் அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கலாம், தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஓரமும் அப்படியே இருந்தால் அதையும் குழுவில் போடச் சொல்லுங்கள்.